பொட்டு வைக்காத மெஷின்

மிக்சியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஹாலில் இன்னும் பேச்சு தொடங்கவில்லை, நாற்காலி இழுக்கும் சத்தம், பை ஜிப்பைத் திறக்கும் சத்தம், "ஃபேன் போடட்டுமா" என்று இவர் கேட்பது, அவ்வளவுதான். சட்னியில் பொட்டுக்கடலை முழுசு முழுசாகக் கிடக்கிறது, இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும், ஓட்டினால் அந்த இரைச்சலில் முக்கியமான வார்த்தை ஏதாவது போய்விடுமே என்று விரலை அந்தத் திருகிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன், இப்படி ஒரு சட்னியை நான் ஜென்மத்தில் அரைத்ததில்லை. வந்திருப்பது இரண்டு பேர். ஹாஜிரா என்ற பெண், மேலப்பாளையத்துக்காரி, இங்கே துரைப்பாக்கத்தில் ஏதோ கம்பெனியில் வேலை. கூட அவளோடு வேலை பார்க்கிற ஜெரின், நாகர்கோவில், பெரிய தாடி, வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் அறவாழி ஒரு காலத்தில் உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி அவரிடமே பேச வந்திருக்கிறார்கள். அதன் பெயரை இந்த வீட்டில் நான் சொல்வதில்லை. மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம், மறுகரை. பெயரைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுகிற மனுஷன், வியாழக்கிழமை சாப்பிடும்போது மோரை ஊற்றிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர் வராங்க, அந்த கேம் விஷயமா" என்றார், கேஸ் சிலிண்டர் வருகிறது என்று சொல்கிற குரலில். யார், எப்படி நம்பர் கிடைத்தது, ஏன் வரச் சொன்னீர்கள், ஒன்றையும் நான் கேட்கவில்லை, இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். அந்தப் பெண்தான் கடைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். மேடவாக்கத்தில் என் அண்ணனின் டைல்ஸ் கடையில் பில் போடுகிறார் இவர், அன்றைக்குப் போனை எடுத்ததும் இவரே. வேறு யார் எடுத்திருந்தாலும் ராங் நம்பர் என்று வைத்திருப்பார்கள், நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளைத் தனியாக மடக்கிச் சொல்லிவிட்டேன், மழையைப் பற்றி மட்டும் பேசாதே அம்மா, வேறு எதை வேண்டுமானாலும் கேள் என்று. தலையை நன்றாகத்தான் ஆட்டினாள். ஆனால் அந்த விளையாட்டில் மழையை விட்டால் பேச என்ன இருக்கிறது. ஒரு காயல், ஒரு படகோட்டி, துறை துறையாக ஆளை ஏற்றிக்கொண்டு போய் மறுகரையில் இறக்க வேண்டும். யாரையும் சுட வேண்டாம், யாரையும் துரத்த வேண்டாம், நீரோட்டம் பார்த்துத் துடுப்புப் போட்டால் போதும். சாலிகிராமத்தில் ஒரு மாடியில் இருந்தது கம்பெனி, கீழே டெய்லர் கடை, மேலே நாங்கள். இவர்தான் எல்லாவற்றுக்கும் தலை. நான் டெஸ்டர், அதாவது இவர் கட்டுவதையெல்லாம் போட்டு உடைத்துப் பார்ப்பது என் வேலை, உடைத்து உடைத்தே கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது. பணம் போட்ட வெளிநாட்டுக் கம்பெனிக்கு முதலில் வெறும் படகே பிடித்திருந்தது. கொஞ்ச நாள் கழித்து முதலை வேண்டும் என்றார்கள், போட்டோம். அப்புறம் துப்பாக்கி இல்லாமல் ஒரு விளையாட்டா என்றார்கள், படகோட்டியின் இடுப்பில் துப்பாக்கியும் அதற்கு உறையும் வந்தது, இவர் மேசையில் குத்திய குத்தில் டெய்லர் கடைக்காரர் மேலே ஏறி வந்து விசாரித்தார். பிறகு அங்கே ஆள் மாறி, புதிதாக வந்தவனுக்குத் துப்பாக்கியும் பிடிக்கவில்லை, முதலையும் பிடிக்கவில்லை. எடுத்தோம். உறையை எடுக்க நேரமில்லை, அது இடுப்பிலேயே தங்கிவிட்டது. முதலைகளிலும் ஒன்றே ஒன்று எப்படியோ பாக்கி, துறைக்குக் கீழே அசையாமல் கிடக்கும், யாரையும் ஒன்றும் செய்யாது. எண்ணெயை இப்போதே வைக்கலாமா, வடை மாவு நீர்த்துவிடுமோ, சத்தம் வந்தால் கேட்காதே, கொஞ்சம் பொறுத்தே வைக்கலாம். பேசுகிறாள், ஏதோ பேசுகிறாள், இவர் உம் கொட்டுகிறார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் குங்குமம் என்று நினைப்பேன், குங்குமம் பாவம் என்ன செய்யும் என்று நினைப்பேன், சுற்றிவிட்டு மறுபடியும் குங்குமத்திலேயே வந்து நிற்பேன். எங்கள் முதலாளி சம்பந்தம் சார் அதற்கு முன்னால் அச்சகம் வைத்திருந்தவர். ஆயுத பூஜை என்றால் அச்சு மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி பூஜை முடிகிறவரை ஒருவரும் தொடக்கூடாது, உழைத்த சாமானுக்கு அன்று ஒரு நாள் ஓய்வு. அதையே கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தார். மானிட்டர் நெற்றியில் பொட்டு, கீபோர்டில் பொட்டு, சி.டி. போடுகிற வாயில் வழிய வழியச் சந்தனம். விளையாட்டை அனுப்ப வேண்டிய கடைசி நாள் சரியாக அன்றைக்கே வந்து விழுந்தது. முழு விளையாட்டும் இருந்தது பெரிய மெஷினில், அது நடு ஹாலில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தது. இவர் கெஞ்சினார். சம்பந்தம் சார் கெட்டவர் இல்லை, அவருக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் படைத்ததைத் தொட விடமாட்டேன் என்றுவிட்டார். பிறகு அவரே சுற்றுமுற்றும் பார்த்து என் தோள்பையைக் காட்டினார். சோதனைக்கான லேப்டாப்பை நான் முதல் நாள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன், பூஜை முடிந்த பிறகுதான் கொண்டுவந்தேன். "அதுக்குப் பொட்டு வெக்கலியே. அதைத் தொடலாம்" என்றார். எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, இன்றைக்கும் அதில் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை, பொட்டு வைக்காத மெஷினைத் தொடலாம்தானே. இரண்டிலும் ஒன்றுதான் இருக்கிறது என்றார் இவர். இவரே சொன்னார், அதுதான். தூங்காத கண், வெந்த மூளை. முதல் நாள் சாயங்காலம் பெரிய மெஷினில் மட்டும் மழை விடும்படி செய்ததும், பயணிகளுக்கெல்லாம் பேச்சைச் சேர்த்ததும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. என் லேப்டாப்பில் இருந்த விளையாட்டில் மழை ஒருமுறை பிடித்தால் நிற்காது, மழைக்காகக் காத்திருந்து நான் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று எனக்காகச் செய்து தந்தது. பயணிகள் வாயே திறக்க மாட்டார்கள். ஏறுவார்கள், உட்காருவார்கள், இறங்கிப் போவார்கள். அதுதான் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் பொரி சாப்பிட்டோம்.

குக்கர் ஒரு விசில் விட்டது, அதற்குள் அவள் சொன்னதில் பாதி போய்விட்டது. அன்றைக்குப் பத்திரிகைகளில் ஊமைப் படகு என்று எழுதினார்கள், கட்டி முடிக்காத வீட்டை விற்றுவிட்டார்கள் என்று எழுதினார்கள், திருத்தி அனுப்புகிறோம் என்று நாங்கள் கதறுவதற்குள் பணம் போட்டவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள், கம்பெனியும் இல்லை என்றாகிவிட்டது. அதற்கப்புறம் இவர் படுத்த படுக்கை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பேச்சு நின்றுவிட்டது. மழை பெய்தால் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மாத்திரை, டாக்டர், மாத்திரை. ஒரு வழியாக எழுந்து அண்ணன் கடைக்குப் போக ஆரம்பித்தபோது ஆளே மாறியிருந்தார். ஆபீசில் இவர் திட்டினால் மாடிப்படி வரைக்கும் கேட்கும், எழுதினது கையா காலா என்று கேட்பார், அழாத ஆள் கிடையாது, நானும் அழுதிருக்கிறேன். இப்போது எதற்கும் சரி. உப்பில்லாத சாம்பாருக்கும் சரி, கடையில் அண்ணன் எரிந்து விழுந்தாலும் சரி, ஆட்டோக்காரர் கூடக் கேட்டாலும் சரி. மாப்பிள்ளை தங்கமாக ஆகிவிட்டார் என்று அம்மா வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தச் சரியைக் கேட்கும்போதெல்லாம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் எங்கேயோ உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். இதற்கு நடுவில்தான் அந்த விளையாட்டுக்கு உயிர் வந்தது. எப்படி என்று எனக்கும் தெரியாது, ஒரு நாள் போனில் தேடினேன், நூற்றுக்கணக்கில் ஆட்கள், எங்கெங்கோ தேசத்திலிருந்து. மழைக்காலம் தொடங்கும் அன்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து விளையாடுகிறார்கள். அந்த அசையாத முதலைக்கு மாமா என்று பெயர், ஒருத்தர் அதைக் கையில் பச்சை குத்தியிருக்கிறார். இடுப்பில் தொங்கும் உறையை வெற்றிலைப் பை என்கிறது ஒரு கட்சி, செத்துப்போன மனைவியின் சுருக்குப் பை என்கிறது இன்னொரு கட்சி, அடிதடி. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு படித்துச் சிரிப்பேன், பிறகு அப்படியே பயம் வந்துவிடும். ஏனென்றால் அவர்கள் கொண்டாடுவது எல்லாமே தவறு. நிற்காத மழை, பேசாத ஆட்கள், இதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இவர் ராவும் பகலும் உருகி உருகிச் செய்த சரியான விளையாட்டு, ஒவ்வொரு பயணிக்கும் ஒரு கதை, மழை விட்டதும் வருகிற அந்த வெயில், அது ஒரு டிஸ்கில் பரண்மேல் கிடக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. தோற்றது ஒரு அடி. மறந்து அனுப்பிய தப்புதான் ஜெயித்திருக்கிறது என்று தெரிந்தால் இந்த மனுஷன் தாங்குவாரா. அந்த ஒரு கேள்விக்காகத்தான் போனை ஒளித்து ஒளித்து வைத்தேன், கடையில் சொல்லி வைத்தேன், இப்போது மிக்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சொல்லிவிட்டாள். "மழைதான் சார் எங்க எல்லாருக்கும்" என்று ஆரம்பித்தேவிட்டாள், தலையை ஆட்டினாளே பாவி, நன்றாக ஆட்டினாளே. அதோடு விடாமல் லேப்டாப்பைத் திறந்து விளையாட்டையும் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, ஹாலிலிருந்து மழை கேட்கிறது, அதே மழை, நானே நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட மழை, டெய்லர் கடைத் தகரக் கூரையில் பெய்தபோது இவர் ஜன்னலுக்கு வெளியே மைக்கை நீட்டிப் பிடித்தது. ஜன்னல் சாத்துகிற சத்தம் வரப்போகிறது. வரவில்லை. எழுந்து உள்ளே போகிற சத்தம் வரப்போகிறது. அதுவும் வரவில்லை. கரண்டியைக் கையில் எடுத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. "இது தப்பும்மா" என்கிறார் இவர், நிதானமாக. மழை நிற்க வேண்டும், தாழம்பூத் துறை தாண்டினால் வெயில் வர வேண்டும், இந்த ஆட்களெல்லாம் பேச வேண்டும், இது சோதனைக்கு வைத்திருந்தது, தவறிப் போய்விட்டது என்று பூஜை கதை முழுவதையும் சொல்கிறார், பொட்டு, மாலை, சம்பந்தம் சார் கண் கலங்கியது. என்னிடமே இத்தனை வருஷத்தில் சொல்லாததை, முன்பின் தெரியாத இரண்டு பேரிடம், குரல் பிசிறாமல். தாடிக்காரர் வாயைத் திறந்து முதல் வார்த்தை பேசுகிறார், அப்போது அந்த இடுப்புப் பை என்ன சார் என்று. துப்பாக்கி உறை என்கிறார் இவர். அதற்கு அந்தப் பெண்ணும் தாடியும் சிரிக்கிற சிரிப்பு, அதன் நடுவில் மூன்றாவதாக ஒரு சிரிப்பு, கட்டையாக, துருப்பிடித்தது போல. எனக்கு அடையாளம் தெரிய நேரமாகிவிட்டது, இவருடையது.

நான் கதவோரம் வந்துவிட்டேன், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், நான் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. சிரித்து முடித்ததும் ஹாஜிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்ததில் வந்த கண்ணீர் என்றுதான் நினைத்தேன். அவள் உம்மா திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து இதைத்தான் விளையாடினாளாம். சொந்தக்காரர்கள் வருவார்கள், அழுவார்கள், தைரியம் சொல்வார்கள், எந்த டாக்டரைப் பார்த்தாய் என்பார்கள். இரண்டு கையாலும் முகத்தை மூடி எடுத்துவிட்டுச் சொன்னாள், "எல்லாரும் வந்து ஆறுதல் சொன்னாவ சார். இதுல மட்டுந்தான் யாரும் ஒண்ணுஞ் சொல்லாம கூட உக்காந்து வந்தாவ." உம்மா பிழைக்கவில்லை. அவள் விளையாடிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஆளை ஏற்றி, ஆளை இறக்கி. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையை நான் அறிவேன், அது சுவர்ப் பக்கம் திரும்புவதற்கு முந்தின பார்வை. விளையாட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட வைக்க உதவி கேட்டு வந்தவர்கள்தான், இப்போது அந்தச் சரியான விளையாட்டு உங்களிடம் இருக்கிறதா, அதை வெளியிடலாமா என்று ஜெரின் கேட்கிறார், மெதுவாக, வார்த்தை வார்த்தையாக, தயங்கித் தயங்கி. திரையில் அந்தக் கிழவி படகில் ஏறி உட்கார்கிறாள், முதல் பயணி, இவர் செய்ததிலேயே இவருக்குப் பிடித்த ஆள், அவளுக்கு மட்டும் எவ்வளவு வசனம் எழுதினார், வாசித்து வாசித்துக் காட்டுவார். மழையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம். "நான் எழுதினதுல இவ ரொம்பப் பேசுவா" என்றார். பிறகு, "என்னோடது பரண்லயே இருக்கட்டும், அது எனக்கு. ஜனங்க கையில இருக்கிறது இதுதானே, இதை ஒழுங்கா ஓட வைப்போம்" என்றார். அவ்வளவுதான். நான் எதற்குப் பயந்து பயந்து செத்தேனோ அது வந்தது, உட்கார்ந்தது, எழுந்து போய்விட்டது. நெஞ்சில் இத்தனை வருஷமாக இறுக்கிக் கட்டியிருந்த எதையோ யாரோ அவிழ்த்துவிட்டார்கள், மூச்சு உள்ளே போகிற இடம் இவ்வளவு பெரியதா என்று இருந்தது. திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய் ஊற்றினேன், கவனம் ஹாலிலேயே இருந்ததில் மேடையெல்லாம் எண்ணெய், சிரிப்பு வந்தது.

முதல் ஈடு வடை வெந்துகொண்டிருக்கும்போது சத்தம் உயர்ந்தது. இவர் சத்தம். "படகு ஆடுதுன்னு நீரோட்டத்தையே நிறுத்தி வெச்சிருக்கியே, அறிவிருக்கா உனக்கு? யாரும்மா சொல்லிக் குடுத்தா இப்படி எழுதச் சொல்லி?" மேசையில் ஒரு குத்து, டம்ளர் உருண்டது. பழைய பயத்தில்தான் முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அடுப்பை அணைக்கக் கை போய்விட்டது, மாத்திரை டப்பா எந்த அலமாரியில் என்று மனசு ஓடிவிட்டது, அப்புறம்தான் காது சொன்னது, இது திட்டு, அசல் திட்டு, மாடிப்படி வரைக்கும் கேட்கிற திட்டு. எட்டிப் பார்த்தேன். லேப்டாப் இவர் மடியில் இருக்கிறது, அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கியிருக்கிறார். புதிய கம்ப்யூட்டரில் விளையாட்டு தாறுமாறான வேகத்தில் ஓடுகிறதாம், அதைச் சரிசெய்கிறேன் என்று இவர்கள் இரண்டு பேரும் ஏதோ குளறுபடி பண்ணி வைத்திருக்கிறார்களாம், இவர் ஒரு விரலால் திரையைக் குத்திக் குத்திக் காட்டுகிறார், தாடி முகம் வெளிறி நிற்கிறது. நகருங்கள் என்கிறார், இது என்ன என்கிறார், இதை எதற்கு இங்கே வைத்தீர்கள் என்கிறார், பதில் சொல்ல வாயெடுத்தால் வாயை மூடு என்கிறார். வந்த விருந்தாளியை. எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். நான் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், நல்ல கச்சேரியில் நின்று கேட்பதைப் போல, வடை கருகுகிற வாசனை வருகிறவரை.

கருகினதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தட்டும்போது ஹாஜிரா தண்ணீர் கேட்டுச் சமையல்கட்டுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது, அழுகையைப் பிடித்து வைத்திருக்கிறாள். சொம்பைக் கொடுத்தேன், கடகடவென்று குடித்தாள். நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள், அதனால்தான் சாருக்கு இவ்வளவு கோபம், நாங்கள் கிளம்பட்டுமா, அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது என்றாள். பாவமாக இருந்தது. சொல்ல நிறைய இருந்தது, சுவர், பஞ்சு, சரி சரி என்று போன வருஷங்கள், அதெல்லாம் அவளுக்கு எதற்கு. அவள் தோளைப் பிடித்தேன், என் கையில் மாவு, அவள் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டது.

"திட்டட்டும்மா. நல்லாத் திட்டட்டும். நீ பண்ணதுல இன்னும் ஏதாவது தப்பு இருந்தா, அதையும் எடுத்துட்டுப் போய்க் காட்டு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள். ஹாலிலிருந்து இவர், "எங்க போச்சு அந்தப் பொண்ணு, இங்க வரச் சொல்லு" என்று கத்தினார். அவள் சொம்பை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்தாள்.

"நிறைய இருக்கு ஆன்ட்டி" என்றாள்.